தோட்டத்து ரயில் கேள்வி – பதில்: கதவு எத்தனை மில்லிமீட்டர்?

(பதில் எழுதுபவர் ரயில்வேயில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தருமபுரியில் வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பவர். இந்த இதழில் கட்டடங்கள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

ஐயா, மாந்தோப்பு ஓரமாக 45 மி.மீ. தண்டவாளம் போட்டு ஒரு ஜெர்மன் ரயில் செட் ஓட்டுகிறேன். ஆன்லைனில் ஒரு ஸ்டேஷன், ஒரு கூட்ஸ் ஷெட், பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வாங்கினேன். எல்லாப் பெட்டியிலும் 'ஜி ஸ்கேல்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் மாஸ்டரைக் கூட்ஸ் ஷெட் வாசலில் நிறுத்தினால் தலை நிலையில் இடிக்கிறது. எதை மாற்றுவது?
– மாந்தோப்பு வாசகர், காவேரிப்பட்டணம்

ஸ்டேஷன் மாஸ்டரை மாற்றாதீர்கள், அவர் சரியாகத்தான் இருக்கிறார். கூட்ஸ் ஷெட்டும் அதன் கணக்குப்படி சரிதான். இரண்டும் வேறு வேறு கணக்கு, அவ்வளவுதான் விஷயம்.

45 மி.மீ. என்பது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம். அதன்மேல் எந்த நிஜ ரயிலை ஓட்டுவதாகப் பாவிக்கிறோமோ அதற்கேற்ப விகிதம் மாறும். 1968-ல் ஜெர்மனியில் எல்ஜிபி கம்பெனி இந்த ரயிலைக் கொண்டுவந்தபோது அவர்கள் மனதில் இருந்தது மீட்டர்கேஜ். 1000 மி.மீ. பாதையை 45-க்குச் சுருக்கினால் ஏறக்குறைய 1:22.5. நம் ஊட்டி ரயிலும் மீட்டர்கேஜ்தான், ஆகவே அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே கணக்கு ஒத்துப்போகும். அமெரிக்காவில் மூன்றடிப் பாதை ரயிலை அதே 45-ல் ஓட்ட விரும்பியவர்கள் 1:20.3 என்றார்கள். அங்கே பெரிய ரயில்களுக்கு 1:29 என்று ஒரு கூட்டம், 1:32 என்று இன்னொரு கூட்டம். நடுவில் பொம்மை வீட்டுக்காரர்களின் 1:24 வேறு. எல்லாருக்கும் தண்டவாளம் ஒன்று. விற்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஜி' என்று ஒரே முத்திரை குத்திவிடுகிறார்கள்.

ஐந்தடி ஆறங்குல ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் அவர் 1676. (நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான இடைவெளியும் இதே 1676 தான். வேலையில் இருந்தபோது புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் அது.) அவர் 1:20.3-ல் 83 மி.மீ. உயரம், 1:22.5-ல் 75, 1:24-ல் 70, 1:29-ல் 58, 1:32-ல் 52. இப்போது ஏழடிக் கதவு: 1:22.5-ல் 95 மி.மீ., 1:29-ல் 74. உங்கள் கூட்ஸ் ஷெட் வாசலை அளந்து பாருங்கள், 74-ஐ ஒட்டித்தான் இருக்கும். 75 மி.மீ. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏன் தலை இடிக்கிறது என்று புரிந்துவிடும்.

ஆகவே பெட்டியில் போட்டிருப்பதைப் படிக்க வேண்டாம். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கதவு எத்தனை மில்லிமீட்டர்?" பதில் 88-க்கும் 100-க்கும் நடுவில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1:22.5-க்கும் 1:24-க்கும் உள்ள ஆறு சதவீத வித்தியாசம் தோட்டத்தில் யார் கண்ணுக்கும் படாது. 80-க்குக் கீழே என்றால் வேண்டாம். பதிலே சொல்லாத கடையில் நான் வாங்குவதில்லை.

கடைக்கு நேரில் போகிறவர்கள் ஒரு அளவுக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் குச்சி போதும். 75-ல் ஒரு கோடு, அது ஆள். 95-ல் ஒரு கோடு, அது கதவு. 40-ல் ஒரு கோடு, அது ஜன்னல் அடிக்கட்டை வருகிற உயரம், மூன்றடி. இந்த மூன்று கோட்டை வைத்து எந்தப் பொம்மைக் கட்டடத்தையும் எடை போட்டுவிடலாம். சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்தால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வாங்கிய கூட்ஸ் ஷெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கூட்ஸ் ஷெட்டுக்கு அளவைச் சொல்லிக்கொடுப்பது கதவு மட்டும்தான். சுவரும் கூரையும் எவ்வளவு பெரிதாகவும் சிறிதாகவும் இருக்கலாம். பழைய வாசலை அறுத்து, 110 மி.மீ. உயரத்தில் அகலமான தள்ளுகதவு ஒன்றைப் பலகைக் கோடு போட்டு ஒட்டிவிடுங்கள். நிஜ கூட்ஸ் ஷெட்டிலும் அப்படித்தான் எட்டடிக் கதவு இருக்கும். ஜன்னல் இருந்தால் அடைத்து, சுவருக்கு மேலே காற்றுத் துளை மட்டும் விடுங்கள். அறுக்க மனசு வரவில்லையா? அப்படியே கொண்டுபோய்த் தோட்டத்தின் கடைசி மூலையில், ஸ்டேஷனிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வையுங்கள். சிறிதாக இருப்பதால் இன்னும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்தில் ஆள் யாரையும் நிறுத்தாதீர்கள், காட்டிக்கொடுத்துவிடுவார்.

ஐயா, நான் கல்லூரி மாணவன். எங்கள் ஊரிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது என்று தாத்தா சொல்வார். அதைத் தோட்டத்தில் செய்ய ஆசை. ஸ்டேஷன் வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. எந்த அளவில் கட்டுவது, எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், மொரப்பூர்

தம்பி, ரொம்ப நல்ல ஆசை. 1906-ல் மொரப்பூர் – தருமபுரி பாதை திறந்தார்கள், 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. மொரப்பூர் பாதைக்கு ஒரு வருஷம் முன்னால், 1905-ல், திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை. இரண்டுமே இரண்டரை அடிப் பாதை, அதாவது 762 மி.மீ. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரண்டையும் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு இன்றுவரை ஸ்டேஷன் கிடையாது, பஸ்தான்.

இதற்கு 45 மி.மீ. தண்டவாளம் எடுத்தால் 1:17 வரும். அந்த அளவில் கடையில் ஒன்றும் கிடைக்காது, ஆள்கூட நீங்களே செதுக்க வேண்டும். 32 மி.மீ. தண்டவாளம் எடுங்கள். 762-ஐ 24-ஆல் வகுத்தால் 31.75. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 1:24-ல் ஆள், கார், சைக்கிள் எல்லாமே வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: 32 மி.மீ. தண்டவாளத்துக்கென்று விற்கும் தோட்டத்து இன்ஜின்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் இரண்டடிப் பாதை ரயில்கள், 1:19. அவை உங்கள் ஸ்டேஷன் பக்கத்தில் தடித்துத் தெரியும். ஓடுகிற அடிப்பாகத்தை மட்டும் வாங்கி, மேல்கூட்டை நீங்களே 1:24-ல் செய்வது நல்லது.

1:24-ல் இன்னொரு லாபம் உண்டு, அது நம் ஆசாரிகளுக்கு மட்டும் புரியும் லாபம். அடிக்கு அரை அங்குலம். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் இல்லையா? அப்படியானால் நிஜத்தில் மூன்று அங்குலம் என்பது பொம்மையில் ஒரு நூல். கால்குலேட்டரே வேண்டாம். ஒன்பது அங்குலச் செங்கல் நீளத்தில் மூன்று நூல், அகலத்தில் ஒன்றரை, உயரத்தில் ஒன்று. ஆறங்குலப் படிக்கட்டு இரண்டு நூல். ஏழடிக் கதவு மூன்றரை அங்குலம். பழைய மர டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே மாலையில் முழு ஸ்டேஷனையும் தாளில் வரைந்துவிடலாம்.

வரைபடம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். சின்னப் பாதை ஸ்டேஷன் என்றால் பெரிய மாளிகை கிடையாது. ஒரு அறை, டிக்கெட் ஜன்னல், முன்னால் தாழ்வாரம், கூடவே ஒரு கிடங்கு. அறை பன்னிரண்டுக்குப் பத்தடி, சுவர் பத்தடி உயரம் என்று வைத்தால் பொம்மையில் ஆறுக்கு ஐந்து அங்குலம், உயரம் ஐந்து. பழைய போட்டோ ஏதாவது கிடைத்தால் அதில் கதவைத் தேடுங்கள், இல்லாவிட்டால் செங்கல் வரிசையை எண்ணுங்கள். ஒரு செங்கலை வைத்துக் கணக்குப் போடாமல், ஊரில் அந்தக் காலத்துச் சுவர் ஒன்றில் பத்து வரிசையைச் சாந்தோடு சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். நாட்டுச் செங்கல் சூளைக்குச் சூளை மாறும். போட்டோவில் சுவருக்கு முன்னால் நாலடி தள்ளி நிற்கும் ஆளை வைத்து அளக்காதீர்கள், அவர் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிவார். சுவரோடு ஒட்டியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சொந்தமாகக் கட்டுகிற நிறையப் பேரின் ஸ்டேஷனைப் பார்த்திருக்கிறேன். நீளம், உயரம், கதவு எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனாலும் அட்டைப்பெட்டி மாதிரியே தெரியும். காரணம் சுவரின் கனம். அவர்கள் எடுத்தது 3 மி.மீ. ஷீட். 24-ஆல் பெருக்கினால் 72 மி.மீ., மூன்று அங்குலம்கூட இல்லை. பழைய ஸ்டேஷன் சுவர் ஒன்றரைச் செங்கல், பதின்மூன்றரை அங்குலம். ஜன்னலில் கையை நீட்டினால் முழங்கைக்குப் பக்கத்தில் போய்த்தான் கம்பி தட்டும். பொம்மையில் அது நாலரை நூல், 14 மி.மீ. முழுச் சுவரையும் அவ்வளவு கனத்தில் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜன்னல், வாசல் ஓட்டைக்கும் உள்பக்கமாக 11 மி.மீ. அகலப் பட்டை நான்கு வெட்டிச் சுற்றி ஒட்டி, அதன் பின்பக்கம் ஜன்னல் சட்டத்தை வையுங்கள். சட்டம் சுவரின் முகத்தைவிட்டு உள்ளே தள்ளி நிற்கும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது அந்தக் குழியில் ஒரு நிழல் விழும். அதைப் பார்த்த பிறகு வேறு எந்த அலங்காரமும் உங்களுக்குத் தேவைப்படாது. இதற்கு ஆகும் செலவு பத்து ரூபாய்த் துண்டு ஷீட்.

கூரை தகரம் என்றால் நெளிவுக்கு நெளிவு நிஜத்தில் மூன்று அங்குலம், பொம்மையில் ஒரு நூல். பலகையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு நூல் இடைவெளியில் வரிசையாகப் பதித்து, கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டி விரித்து அதன்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு பள்ளமாக அழுத்தி இழுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நெளிவு ஏறக்குறைய அதற்கு இரட்டிப்பு. அதை 1906 ஸ்டேஷனில் போட்டுவிடாதீர்கள். மங்களூர் ஓடு என்றால் முழு ஓடு 17 மி.மீ. நீளம், மேல் ஓடு மூடியது போக வெளியே தெரிவது 13. வரிசை இடைவெளியை இந்த 13-ல் வையுங்கள், 17-ல் வைத்தால் ஓடு பெருத்துவிடும்.

என்னிடம் 3டி பிரிண்டர் இருக்கிறது, நண்பரிடம் லேசர் கட்டிங் மெஷின் இருக்கிறது. ஸ்டேஷனை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டு வைத்தேன். ஏப்ரலில் கூரை தொங்கிவிட்டது. ஃபோம் போர்டை லேசரில் வெட்டிச் செய்யலாமா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

ஃபோம் போர்டை லேசரில் வெட்டவே கூடாது. கடையில் சன்போர்டு, ஃபோம் போர்டு என்று கேட்டு வாங்கும் அந்த வெள்ளை ஷீட் பெரும்பாலும் பிவிசி. லேசர் பட்டால் அதிலிருந்து வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். மூச்சுக்கும் கெடுதல், நண்பரின் மெஷினும் துருப்பிடித்துப் போகும். அதைக் கத்தியால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷினான சிஎன்சி ரவுட்டரில் கொடுங்கள். லேசருக்கு அக்ரிலிக் சரியாக வரும். எம்டிஎஃப் எனும் மரத்தூள் பலகை வேண்டாம், ஒரே மழையில் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும்.

பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும். ஓசூர் குளுகுளு ஊர் என்று பேர் வாங்கியிருந்தாலும், காற்றில்லாத பொம்மை வீட்டின் கறுப்புக் கூரைக்கு அது தெரியாது. ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள், அது கிட்டத்தட்ட 100 டிகிரி வரை தாங்கும், வெயிலில் வெளுப்பதும் குறைவு. பெட்-ஜி (PETG) பிளாஸ்டிக் நடுத்தரம். என்னைக் கேட்டால் பிரிண்டரைச் சின்னச் சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஜன்னல் கம்பி, விளக்கு, டிக்கெட் ஜன்னல் வளைவு, கூரை ஓரத்து மரவேலை. சுவருக்கு விளம்பரப் பலகைக் கடையில் மிச்சம் விழும் ஏசிபி ஷீட் துண்டுகள். இரண்டு பக்கமும் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். கத்தியால் கோடு போட்டு மடக்கினால் மூலையே தனியாக ஒட்ட வேண்டியதில்லை. வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது.

பிவிசி-யே போதும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் ஒரு மீட்டர் நீளச் சுவரை ஒரே துண்டாகப் போட்டு இரண்டு முனையையும் இறுக்கிவிடாதீர்கள். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் அது 2 மி.மீ. நீளும். ஒரு முனையை மட்டும் ஒட்டி மறுமுனையை விட்டுவிடுங்கள். பசை: அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கும் பசை. தச்சு வேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை மழையில் பாலாகிக் கரைந்துவிடும், மரத்துக்கு அதிலேயே தண்ணீர் தாங்கும் வகை கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர் தோட்டத்தில் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு ஆள் பொம்மைக்கு அவர் கொடுக்கும் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. என் கொலு பொம்மைகள் பத்து மாதம் டிரங்குப் பெட்டியில் தூங்குகின்றன. அவற்றை வைத்தால் அளவு ஒத்துவருமா?
– வாசகி, பர்கூர்

அம்மா, உங்கள் பெட்டியில் அவருக்குத் தெரியாத புதையல் இருக்கிறது. மூன்று அங்குல நின்ற பொம்மை 76 மி.மீ. அவர் ரயில் 1:22.5 என்றால் அது ஐந்தடி ஏழங்குல ஆள், அப்படியே பொருந்தும். காய்கறிக்காரி, தண்ணீர்க்குடம் சுமக்கிற பெண், பேண்டு வாத்தியக்காரர்கள், கல்யாண ஊர்வலம் எல்லாரையும் நடைமேடையில் இறக்கிவிடலாம். ஐரோப்பியத் தொப்பிக்காரர்கள் நிற்பதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

செட்டியார் பொம்மையில் மட்டும் கவனம். அவர் உட்கார்ந்திருக்கிறார். கடையில் 'மூன்றங்குலச் செட்' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்த மூன்றங்குலச் செட்டியார் எழுந்து நின்றால் பதினோரு அடி இருப்பார். உட்கார்ந்த பொம்மை தரையிலிருந்து உச்சந்தலை வரை 38 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும், ஒன்றரை அங்குலம்.

காகிதக்கூழ் பொம்மையையும் சுடாத மண் பொம்மையையும் ரயில் ஓடும் நேரத்துக்கு மட்டும் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். சுட்ட மண் பொம்மை மழையில் நிற்கும், வர்ணம்தான் போகும்.

பெரிய பொம்மைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்தங்குல உருவம் ஒன்று, மீசையும் அரிவாளுமாக இருந்தால், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடை போட்டு முனியப்பனாக உட்கார வைத்துவிடுங்கள். நம் பக்கத்தில் முனியப்பன் சிலை இருபதடிக்குக் குறைந்தா இருக்கிறது? கதவு, செங்கல், சைக்கிள், படிக்கட்டு, மனுஷன் – இவற்றுக்குத்தான் ஊரறிந்த அளவு உண்டு. சிலை, பாறை, மரம், வைக்கோல் போர் எதற்கும் கிடையாது. அளவு தப்பிய பொம்மைகளுக்கெல்லாம் அங்கேதான் வேலை.

எங்கள் பக்கம் கிரானைட் துண்டு கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதிலேயே ஸ்டேஷன் கட்டலாமா, பொம்மைக்குக் கனமாகத் தெரியுமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

கட்டலாம், கனமாகத் தெரியாது. பலகை போட்டு அறுத்த கிரானைட் 20 மி.மீ. கனம். 22.5-ஆல் பெருக்கினால் 45 செ.மீ. உங்கள் பக்கத்துக் கல் வீட்டுச் சுவர் ஒன்றரை அடிதானே? கல் தானாகவே அளவில் வந்து நிற்கிறது. மெருகேற்றிய பக்கத்தை உள்ளே திருப்பிவிடுங்கள், அறுத்த சொரசொரப்பு வெளியே தெரியட்டும்.

பார்க்க வேண்டியது கல்லின் பொறி, அதாவது அதில் தெரியும் புள்ளி. இளஞ்சிவப்புக் கல்லில் அரை சென்டிமீட்டர்ப் புள்ளி இருந்தால் அது அளவில் நாலங்குலத் திட்டு, சுவருக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கும். கறுப்புக் கல் பொடிப் பொறி, அதை எடுங்கள். வேலிக்கு நடுகிற கல்தூண்களும் இதிலேயே சீவலாம், தரைக்கு மேல் ஆறடித் தூண் 80 மி.மீ. கோட்டை மதில், பாலத்துத் தூண், நடைமேடை ஓரம் எல்லாம் கல்லில் பிரமாதமாக வரும். ஒரு சதுர அடிச் சுவர் ஐந்து கிலோ எடை. அடியில் ஜல்லி கொட்டிக் கெட்டித்து ஒரு கடப்பாக்கல் போடாமல் வைத்தால் முதல் அடைமழையில் ஸ்டேஷன் ஒரு பக்கமாகச் சாயும். அறுக்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், முகக்கவசம் கட்டாயம். கல் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது.

எங்கள் ஊர் சர்க்கரை ஆலையை வைத்துத் தோட்டத்து ரயில் போட ஆசை. இடம் மொத்தமே பன்னிரண்டு அடி. அளவுப்படி கட்டினால் ஆலைக்கே இடம் போதாது. சுருக்கினால் பொம்மையாகிவிடாதா?
– வாசகர், பாலக்கோடு

அறுபது மீட்டர்க் கட்டடம் 1:22.5-ல் 2.67 மீட்டர், ஏறக்குறைய ஒன்பதடி. அப்படியே கட்டினால் மீதி மூன்றடியில் ரயில் என்ன செய்யும்? சுருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜெராக்ஸ் மெஷினில் சுருக்குகிற மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கக் கூடாது. கதவையும் ஜன்னலையும் தொடாதீர்கள். அவற்றின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நிஜத்தில் பதினைந்து ஜன்னல் வரிசையாக இருந்தால் நீங்கள் ஐந்து வையுங்கள், ஒவ்வொன்றும் முழு அளவில். பார்க்கிறவர் எண்ண மாட்டார். ஜன்னல் சிறுத்திருந்தால் மட்டும் சொல்லிவிடுவார்.

ஆழமும் வேண்டாம். பின்னால் மதில் இருக்கிறது என்றால் முன்சுவரும் நாலு விரல் கூரையும் போதும், மதிலோடு ஒட்டி நிறுத்திவிடலாம். புகைபோக்கி மட்டும் உயரமாக இருக்கட்டும், ஆலை ஆலையாகத் தெரிவது அதனால்தான். 75 மி.மீ. பிவிசி குழாய் 1.7 மீட்டர் விட்டத்துக்கு ஈடு, புகைபோக்கிக்கு ஆகும். 110 மி.மீ. குழாய் இரண்டரை மீட்டர், அது தண்ணீர்த் தொட்டிக்கு. பிளம்பரிடம் மிச்சத் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்.

தண்டவாளத்துக்கு இடையில் போட என்ன ஜல்லி?
– வாசகர், ஊத்தங்கரை

கால் அங்குல ஜல்லி வேண்டாம், அளவில் அது தேங்காய் சைசுக்கு வரும். ரயில்வே ஜல்லி பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர், 1:22.5-ல் 2 மி.மீ. சொச்சம். எம்-சாண்டைச் சலித்து, மாவாகப் போவதை ஒதுக்கிவிட்டு, மேலே நிற்கும் குருணையை எடுங்கள். கூர் முனை உள்ள கல்தான் கட்டிக்கொள்ளும், ஆற்றுமணல் உருண்டு ஓடிவிடும்.

பக்கத்துக் காட்டிலிருந்து குரங்கு வந்து ஸ்டேஷன் கூரையைப் பிடுங்குகிறது.
– வாசகர், பென்னாகரம்

கூரையை ஒட்டாதீர்கள். காந்தம் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவிட்டால் அது கையோடு போகும், சுவர் பிழைக்கும். உள்ளே குளவி கூடு கட்டினாலும் கூரை கழன்றால்தான் எடுக்க முடியும். குரங்குக்கு வேறு வைத்தியம் எனக்கும் கிடைக்கவில்லை.

நடைமேடையும் ஸ்டேஷனும் சிமெண்டில் நிரந்தரமாகப் போடப் போகிறேன். தண்டவாளத்துக்கும் நடைமேடைக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது?
– வாசகர், அரூர்

புத்தகக் கணக்கை நம்பிச் சிமெண்ட் போடாதீர்கள், உங்கள் ரயிலையே கேளுங்கள். இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நடுவிலும் இரண்டு மூலையிலும் வெளிப்பக்கமாகப் பென்சில் நுனி நீட்டிக்கொண்டிருக்கும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் அட்டையைப் பரப்பி, பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் சரியும், மூலைகள் வெளிப்பக்கம் நீளும். பென்சில் கோடே காட்டிவிடும். கோட்டுக்கு அப்பால் 5 மி.மீ. விட்டு நடைமேடை ஓரத்தை வையுங்கள். அடுத்த வருஷம் இன்னும் நீளமான பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் வீட்டில் இப்போதே சொல்லிவிட்டு, பத்து மில்லிமீட்டராக விடுங்கள்.